பாட்டிலில் கொடி, கண்டியில் காடு

கண்டிக்குப் போய் வந்தவர்களை, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தலதா மாளிகையைச் சொல்வார்கள். மாளிகைக்கு முன்னால் கண்ணாடிபோல் கிடக்கும் ஏரியைச் சொல்வார்கள். பேராதனைப் பூங்காவையும், அதை வளைத்துக்கொண்டு ஓடும் மகாவலி கங்கையையும் சொல்வார்கள். ஆனால் மாளிகைக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு மலை எழுந்து நிற்கிறதே, அதைப் பற்றிக் கேட்டால், "ஆமாம், ஏதோ காடு மாதிரி தெரிந்தது" என்று இழுப்பார்கள். அவர்கள் எடுத்த புகைப்படத்தில் அது பின்னணியாக விழுந்திருக்கும், அதோடு சரி.

அந்தக் காட்டுக்கு உங்களை ஒரு நடை அழைத்துப் போக ஆசை. காடு என்றதும் பயப்பட வேண்டாம். புலியும் இல்லை, யானையும் இல்லை. ஆனால் அங்கே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். உங்கள் வீட்டு ஜன்னலில், பழைய பாட்டிலிலே, ஒன்றும் தெரியாத சாது மாதிரி நாலு இலையோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவளேதான். அவள் பிறந்தகமும் கண்டி அல்ல, புக்ககமும் கண்டி அல்ல. ஆனால் அங்கே அவள் நடத்துகிற ராஜ்ய பாரத்தைப் பார்த்தால் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு முறை உற்றுப் பார்ப்பீர்கள்.

காட்டின் பெயர் உடவத்தகெலே. அரண்மனைக்கு மேலே உள்ள தோட்டம் என்று பொருள் சொல்கிறார்கள். கண்டி ராஜாக்கள் காலத்தில் சாமான்ய ஜனங்கள் அதற்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அரச குடும்பத்தார் நீராடிய குளம் இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த அரசர்களில் கடைசியானவர் நமக்கும் வேண்டியவர்தான். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பட்டம் சூட்டிக்கொண்ட கண்ணுசாமி. 1807-ல் கண்டி ஏரியை வெட்டியவர் அவர். 1815-ல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அவரை வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். 1832-ல் அங்கேயே காலமானார். வேலூர்க்காரர்களுக்குப் பாலாற்றங்கரை முத்து மண்டபம் தெரிந்திருக்கும். அது அவருடைய நினைவிடம்.

ராஜா போன பிறகு காட்டுக்குள் ஆங்கிலேய துரைசானிகள் நடைபழக வந்தார்கள். பாதைகளுக்கெல்லாம் கவர்னர்களின் மனைவிமார் பெயர்கள். முக்கியமானது லேடி ஹார்ட்டன் பாதை. 1831 முதல் 1837 வரை கவர்னராக இருந்த ஹார்ட்டனின் மனைவி அவர். இந்த அம்மாள் இளமையில் லண்டன் விருந்து ஒன்றுக்குத் துக்க காலத்துக் கறுப்பு உடையில் வந்தாராம். கறுப்பானாலும் ஜிகினா மின்னும் உடை. உறவினரான கவி பைரன் அதைக் கண்டு மயங்கி ஒரு கவிதை எழுதினார். இன்றுவரை ஆங்கிலம் படித்தவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் பாதையில் இன்று நடப்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் உபசாரம் என்னவென்றால், அட்டைக்கடி. மழை பெய்த மறுநாள் போகிறவர்கள் காலுக்கு உறை போட்டுக்கொண்டு போவது நல்லது. புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ளவும்.

1856-ல் ஆங்கில அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட காடாக ஒதுக்கியது. 1938-ல் இது சரணாலயம் ஆயிற்று. மொத்தம் 104 ஹெக்டேர். நம் கணக்கில் 257 ஏக்கர். ஒரு நகரத்தின் நடுமார்பில் இவ்வளவு பெரிய காடு இருப்பது எத்தனை பாக்கியம்! வெளியே பஸ் ஹார்ன் அடிக்கிறது; பத்து நிமிஷம் ஏறி உள்ளே வந்தால் பறவைச் சத்தம் தவிர வேறில்லை. குகைகளில் பௌத்தத் துறவிகள் தவம் இருக்கிறார்கள். குரங்குகள் உங்கள் கைப்பையை நோட்டம் விடுகின்றன. குளத்தங்கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பூர்வீகக் கொடி இருக்கிறது. கொடியென்று சொல்லவே நாக் கூசும். மலைப்பாம்பு போல் பருத்து, முறுக்கி, மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கிறது. இருநூறு வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அத்தனை காலமும் அது மரங்களோடு வாழ்ந்திருக்கிறது; மரங்களும் நிற்கின்றன, கொடியும் நிற்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். நடந்தோம் என்றால் நானும் என் அக்காவும், எங்களை அழைத்து வந்த ஆட்டோக்காரரும். மாத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழர் அவர். வெளியே காத்திருக்கலாமே என்றதற்கு, "உங்களைத் தனியா விட்டுட்டு நான் என்னம்மா செய்யறது?" என்று கூடவே வந்துவிட்டார். பாதை ஒரு வளைவு திரும்பியதும் அக்கா நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இந்த இலையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?"

பார்த்த மாதிரிதான் இருந்தது. ஆனால் நம்ப முடியவில்லை. ஒரு பெரிய மரத்தின் தண்டே கண்ணுக்குத் தெரியவில்லை. அடியிலிருந்து மேலே வரை இலை போர்த்திக் கிடந்தது. ஒவ்வோர் இலையும் இரண்டு முழம் இருக்கும். தலைவாழை இலையைப் பாதியாக நறுக்கினாற்போல. ஓரமெல்லாம் கிழிந்து கிழிந்து, சீப்பு மாதிரி. பச்சைக்கு நடுவில் மஞ்சள் தெளித்த கோலம். அந்த மஞ்சள்தான் காட்டிக் கொடுத்தது.

"மணி பிளாண்ட்!" என்றாள் அக்கா.

மணி பிளாண்டேதான். மரத்தில் மட்டுமல்ல; கீழே பார்த்தால் தரையும் அதுவே. ஜமக்காளம் விரித்தாற்போல, பள்ளத்திலும் மேட்டிலும், கண்ணுக்கெட்டிய மட்டும் அதே இலை. தரையில் ஓடும்போது இலை சிறிது, நம் வீட்டில் இருப்பதுபோல. மரத்தைப் பிடித்து ஏறத் தொடங்கியதும் அது விசுவரூபம் எடுக்கிறது. பற்றி ஏறினால் இலை ஒரு மீட்டர் நீளம்கூட வளரும். கொடி அறுபது அடிக்கு மேல் போகும். ஜன்னலோரத்தில் நாம் வைத்திருப்பது ஆயுள் முழுவதும் குழந்தையாகவே இருக்கிற செடி என்று அப்போதுதான் புரியும்.

இந்தக் காட்டில் 20 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 50 ஏக்கர், இந்தக் கொடி மூடியிருப்பதாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு காடு! மூடினால் என்ன, பச்சைதானே என்று தோன்றலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. காட்டு மரம் விதை போடுகிறது. விதை விழுவது இந்தக் கம்பளத்தின் மேல். மண்ணைத் தொட்டால் அல்லவா முளைக்கும்? தப்பி முளைத்தாலும் இலைக்கடியில் வெளிச்சம் ஏது? கன்று வெளுத்துப்போய் மடிகிறது. பெரிய மரங்கள் இன்று நிற்கின்றன. அவை விழுந்தால் அந்த இடத்துக்கு வாரிசு இல்லை. பூவும் காயும் இல்லாத ஒரே செடி தரையெல்லாம் கிடந்தால் வண்ணத்துப்பூச்சிக்கு என்ன ஆகாரம், பறவைக்கு என்ன ஆகாரம்? பார்வைக்குச் செழிப்பு, உள்ளே பட்டினி. சில பெரிய வீடுகளில் அப்படி இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

சரி, இவள் எங்கிருந்து வந்தவள்? பசிபிக் சமுத்திரத்தில் டஹீட்டித் தீவுக்குப் பக்கத்தில் மூரேயா என்று ஒரு சின்னத் தீவு. அதுதான் பிறந்தகம். வெகு காலம் வரை சாலமன் தீவுகளைச் சேர்ந்தவள் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1880-ல் ஐரோப்பாவில் இந்தக் கொடிக்கு 'போதோஸ் ஆரியஸ்' என்று சாஸ்திரப் பெயர் வைத்தார்கள். அதன்பின் வாடகை வீடு மாறுகிறவர்களைப் போல ஒரு குடும்பத்துப் பெயரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, 1960-களில் 'எபிப்ரெம்னம்' என்ற வீட்டில் குடி வைத்தார்கள். அப்படியும் நர்ஸரிக்காரர்கள் இன்றைக்கும் பழைய பெயரை விடவில்லை. 'போதோஸ்' என்றுதான் சீட்டு எழுதித் தொங்க விடுகிறார்கள்.

அந்தப் பழைய பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'போதோஸ்' என்பது இலங்கையில் பிறந்த சொல். இந்நாட்டுக் காடுகளில் இயற்கையாக வளரும் வேறொரு கொடிக்குச் சிங்களத்தில் 'பொத்தா' என்று பெயர். 17-ம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த பால் ஹெர்மன் என்பவர் ஊர் ஊராகச் செடி சேகரித்து, உலர்த்தி, ஒட்டி வைத்தார். இலங்கையைக் கண்ணாலும் பாராத ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் அந்தக் கட்டுகளை வைத்துக்கொண்டு புத்தகம் எழுதினார்; 'பொத்தா' அவர் ஏட்டில் 'போதோஸ்' ஆயிற்று. பிற்பாடு அந்தப் பெயரைத் தூக்கி மூரேயாக் கொடிக்குச் சூட்டினார்கள். ஆக, இலங்கையின் பெயரை வைத்துக்கொண்டு இலங்கைக்கு வந்து, இலங்கைக் காட்டையே படுக்க வைத்துவிட்டாள். ஆள்மாறாட்டக் கதை எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு துணிய மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு மணி பிளாண்ட் எப்போதாவது பூத்திருக்கிறதா? எதிர் வீட்டில்? உங்கள் பாட்டி வீட்டில்? பூக்காது. வயது போதாமையால் அல்ல. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோனைத் தானாக உண்டாக்கிக்கொள்ளும் சக்தி இதற்கு இல்லை. 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்ததாம்.

பூ இல்லையென்றால் காய் இல்லை. காய் இல்லையென்றால் விதை இல்லை. விதை இல்லாத செடி மூரேயாவிலிருந்து சென்னைக்கும் கொழும்புக்கும் கண்டிக்கும் எப்படி வந்தது? காற்று கொண்டுவரவில்லை, பறவை கொண்டுவரவில்லை. ஒருவர் கிள்ளி இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் கிள்ளி அடுத்தவருக்குக் கொடுத்து, கை மாறிக் கை மாறி வந்ததுதான். உங்கள் பாட்டிலில் இருப்பதும் ஓர் ஆதிக் கொடியின் ஒரு துண்டு. உடவத்தகெலேயின் ஐம்பது ஏக்கரும் அப்படியே. யாரோ அழகுக்காக நட்டிருக்கலாம். தோட்டத்தை ஒழித்துக் குப்பையை வேலிக்கு அப்பால் வீசியிருக்கலாம். எப்படி இருந்தாலும் ஒரு கை அதைச் செய்திருக்கிறது.

"பிடுங்கிப் போட்டால் என்ன?" என்று அக்கா கேட்டாள்.

ஆட்டோக்காரர் சிரித்தார். "பிடுங்கலாம்மா. எங்க போடுவீங்க? குவிச்சு வெச்சா அந்தக் குவியல்லயே முளைக்குது. ஒரு கணு மண்ணுல விட்டுப் போனாப் போதும், அடுத்த மழைக்கு மறுபடி ஆரம்பிச்சுடும்."

கணுதான் இந்தக் கொடியின் உயிர். இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் பழுப்பாக ஒரு சின்ன முடிச்சு இருக்கும், பாருங்கள். வேரும் அதிலிருந்துதான், புதுக் கொடியும் அதிலிருந்துதான். ஆங்கிலத்தில் இதற்குப் பிசாசுக் கொடி என்ற அர்த்தத்தில் ஒரு பெயரும் உண்டு. இருட்டில் வைத்தாலும் பச்சை மாறாது, கொன்றாலும் சாகாது என்பதால். பணம் கொழிக்கும் என்று நாமும், பிசாசு என்று அவர்களும் ஒரே குணத்தைத்தான் சொல்கிறோம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதை வளர்க்காதீர்கள் என்றா சொல்லப் போகிறேன்? அதெல்லாம் இல்லை. வெயில் வராத ஃபிளாட்டில், ஒன்றரை அடி பால்கனியில், இதைப் போல் முகம் கோணாமல் கூட இருக்கும் செடி வேறு கிடையாது. வீட்டுக்குள் இருக்கும்வரை இவள் நல்ல மருமகள். காட்டில் இவளைப் பார்த்து வந்தால் வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்பது தெளிவாகிவிடுகிறது. அதற்காகவே இந்த யாத்திரையைச் சொல்கிறேன்.

காட்டில் ஏறுகிற கொடியின் இலை பெருக்கிறது, கிடக்கிற கொடியின் இலை சிறுக்கிறது என்று சொன்னேன் அல்லவா? வீட்டிலும் அதே நியாயம்தான். பெரிய இலை வேண்டுமென்றால் தொட்டியின் நடுவில் தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, நாரை ஈரமாக வைத்து, கொடியை அதில் ஏற்றுங்கள். அலமாரியின் மேலிருந்து திரைச்சீலை மாதிரி தொங்க வேண்டுமென்றால் தொங்க விடுங்கள். இலை சிறிதாகத்தான் இருக்கும், அதுவே அதற்கு அழகு. தொங்கும் கொடியில் ஒரு தொல்லை உண்டு. நுனி நீள நீள அடிப்பக்கம் மொட்டையாகிவிடும். தொட்டியில் நாலு குச்சி, கீழே எங்கேயோ கொஞ்சம் இலை; பார்க்கச் சகிக்காது. அப்போது மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு நீளமான கொடிகளை வெட்டிவிடுங்கள். வெட்டியதைக் கணுவுக்குக் கணு துண்டாக்கி, ஐந்தாறு துண்டுகளை அதே தொட்டியிலேயே ஊன்றிவிடுங்கள். இரண்டு மாதத்தில் தொட்டி அடர்ந்து வந்துவிடும்.

வர்ணம் வேண்டுமென்கிறவர்கள் வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கிற பாகத்தில் பச்சையம் கிடையாது. அது சம்பாதிக்காத பிள்ளை. பச்சைப் பாகம்தான் அதற்கும் சேர்த்து உழைக்கிறது. வெளிச்சம் குறைந்தால் செடி என்ன செய்யும்? உழைக்கிறவர்களை அதிகமாக்கும், புது இலைகள் முழுப் பச்சையாகவே வரும். அப்படி வந்தால் கடைசியாக வர்ணம் இருந்த இலைவரை வெட்டிவிட்டு, ஜன்னலுக்கு இன்னும் அருகில் நகர்த்துங்கள். காலை இளவெயில் கொஞ்சம் படலாம். நடுப்பகல் வெயில் நேராகப் பட்டால் இலை பொசுங்கிவிடும். இப்போது ரகங்களும் எத்தனையோ வந்திருக்கின்றன. பழைய மஞ்சள் தெளித்த கோல்டன். வெண்ணெயும் பச்சையும் கடைந்தாற்போன்ற மார்பிள் க்வீன். எலுமிச்சை நிறத்தில் நியான். முழுப் பச்சையான ஜேட். வெள்ளைக் கரை போட்ட சிற்றிலை என்ஜாய். வெள்ளை எவ்வளவு அதிகமோ அவ்வளவு மெதுவாக வளரும், அவ்வளவு வெளிச்சமும் கேட்கும். என்னைக் கேட்டால், முதல் முறை வாங்குகிறவர்கள் கோல்டனோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். விலையும் கொஞ்சம், கோபமும் கொஞ்சம்.

தொட்டியில் வைத்தவர்கள் செடியைக் கொல்வது பெரும்பாலும் அன்பினால்தான். தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறார்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தொட்டியின் அடியில் துவாரம் இருக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே கீழ் இலைகள் மஞ்சளாகி விழுந்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். இலை துவண்டு சுருண்டால் தாகம். விடியற்காலையில் இலை நுனியில் முத்து முத்தாக நீர் கோத்து நின்றால் பயப்பட வேண்டாம். முதல் நாள் குடித்ததில் மிச்சத்தைக் கசிய விடுகிறது. வாரம் ஒரு முறை ஈரத் துணியால் இலைகளைத் துடைத்துவிட்டால் தூசி போகும், மாவுப் பூச்சி ஒட்டியிருந்தாலும் தெரிந்துவிடும்.

பாட்டில்காரர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. கணு ஒன்று தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இலை இருக்கக் கூடாது. இலை முழுகினால் அழுகி நாறும். நிறக் கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால் பாசி குறையும். மாதம் ஒரு முறை திரவ உரம் நாலு சொட்டு போதும். அரிசி களைந்த நீரைப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்; மண்ணுக்கு அது நல்லது, பாட்டிலில் இரண்டே நாளில் வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். இதெல்லாம் சில்லறை. முக்கியமானது இதுதான்: டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் கொசு சாக்கடை நீரை நாடாது, தெளிந்த நீரைத்தான் தேடும். வரவேற்பறை மணி பிளாண்ட் பாட்டிலை விட அதற்குச் சௌகரியமான பிரசவ அறை ஏது? முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மாற்றிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாட்டிலின் உள் சுவரில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த பிறகும் பல மாதம் உயிரோடிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

கைக்குழந்தை, பூனை, நாய் இருக்கும் வீடுகளில் எட்டாத உயரத்தில் வையுங்கள். மணி பிளாண்ட் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே ஊசி போன்ற சுண்ணாம்புத் துகள்கள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. சேனையை வேகவைத்துப் புளி விட்டுச் சாப்பிடுகிறோம். இதைக் குழந்தை பச்சையாகக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து, குளிர்ந்த பால் கொடுத்து, வீக்கமோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று விற்கிறார்களே, அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1989-ல் அமெரிக்க விண்வெளி நிலையத்தார் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. நம் வீடு பெட்டி அல்ல. 2019-ல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலன் செடியால் கிடைக்க வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது, அதற்கு மேலும் வேண்டியிருக்கும் என்றார்கள். படுக்க இடம் இருக்காது. ஜன்னலைத் திறந்து வைத்து, செடியை அழகுக்காக வளர்ப்போம்.

திருட்டுச் செடிதான் செழிக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அது அக்காவுக்கு நிறைய உண்டு. காட்டில் எதையும் கிள்ளக் கூடாது என்று ஆட்டோக்காரர் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே வந்து இறங்கும் வழியில் ஒரு மதில் சுவரில் அதே கொடி வழிந்து கிடந்தது. அக்கா நாலு கணுவோடு ஒரு துண்டைக் கிள்ளிக் கைக்குட்டையில் சுற்றிவிட்டாள்.

"கண்டி மணி பிளாண்ட்டி! ஊரிலே யார்கிட்ட இருக்கு?"

"ஊரில் இருப்பதும் இதுவும் ஒன்றேதான் அக்கா. அதோடு, அனுமதிப் பத்திரம் இல்லாமல் செடி கொடிகளை விமானத்தில் நம் நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது" என்றேன்.

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. கைக்குட்டையைப் பிரித்து, சாலையோரத்துப் புதரில் எறியக் கையை ஓங்கினாள். ஆட்டோக்காரர் பதறிப்போய், "ஐயோ அம்மா, அங்க வேணாம்! அதுக்கு அப்பால காடு" என்று குறுக்கே கையை நீட்டினார்.

எறிய வேண்டிய இடம் எது என்பதுதான் கடைசி விஷயம். வெட்டிய கொடியை வேலிக்கு வெளியிலோ, காலி மனையிலோ, ஆற்றங்கரையிலோ, மலைவாசஸ்தலத்துக்குப் போகும்போது பங்களாத் தோட்டத்தின் மூலையிலோ போடாதீர்கள். நம்முடைய வறண்ட ஊர்களில் வெயிலே அதைப் பார்த்துக்கொள்ளும். ஈரமும் நிழலும் உள்ள மலைப் பக்கங்களில் அது நிச்சயமாக வேர் விடும். மொட்டைமாடிச் சிமெண்டில் பரப்பி, சருகாக நொறுங்கும்வரை காய விடுங்கள். சருகென்றால் இலை மட்டும் அல்ல, கணுவும் நொறுங்க வேண்டும். மாடி இல்லாதவர்கள் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அழுகிய பிறகு குப்பையில் சேர்க்கலாம்.

ஆட்டோக்காரர் அந்தத் துண்டை வாங்கி, வண்டியின் முன் கண்ணாடிக்குள்ளே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் மாட்டினார். "வெயில்ல காயட்டும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். பேராதனை போய் வந்தோம். சாயங்காலம் இலைகள் துவண்டிருந்தன. மறுநாள் பழுத்துவிட்டன. நாலாம் நாள் காலையில் கண்டி ஸ்டேஷனுக்கு எங்களைக் கொண்டுவிட வந்தபோது இலையெல்லாம் உதிர்ந்து, தண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா நகத்தால் அதை லேசாகக் கீறிப் பார்த்தாள்.

உள்ளே இன்னும் பச்சையாக இருந்தது.